பாஸ்வேர்டை மாற்றியாயிற்று, இணைப்புகளை யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகநூல் ஐடியைத் திருடி நண்பர்களிடம் பணம் கேட்டார்கள், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பிடுங்கிக்கொண்டு மிரட்டினார்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. ஒன்று விடாமல் படிக்கிறேன், தொழில் அப்படி. இளம்பிள்ளையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். எல்லாச் செய்தியின் கடைசியிலும் ஒரே அறிவுரைதான் இருக்கிறது: ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். தப்பே இல்லை. ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் பலரும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். மாற்றியும் தொல்லை தீரவில்லையே அண்ணே என்றுதான் வருகிறார்கள். போனை வாங்கி உள்ளே போய்ப் பார்த்தால் அந்தக் கணக்கோடு எப்போதோ கோத்துவிட்ட ஆப், பழைய போன் நம்பர், வேறு யாருடையதோ ஒரு ஐடி என்று ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கிறது. இதைப் பற்றி உங்கள் பக்கத்தில் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் சேலைக்குப் பேர் போனது என்பது உங்களுக்குத் தெரியும். தறி ஓட்டுகிறவர், மொத்தக் கடைக்காரர், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஆர்டர் பிடிக்கிற ரீசெல்லர் பெண்கள் என்று எல்லாருக்கும் இப்போது போன்தான் கடை. ஆரம்பத்தில் 'ஆன்லைன் வேலையைப் பார்த்துக்கப்பா' என்று ஒரு பையனைச் சம்பளத்துக்கு வைப்பார்கள். அவன் தன்னுடைய சொந்த முகநூல் ஐடியிலிருந்து கடைக்கு ஒரு பேஜ் திறப்பான், ஏனென்றால் பேஜ் என்பது தானாக நிற்காது, யாராவது ஒருத்தருடைய ஐடி அதற்குப் பின்னால் இருந்தே ஆகவேண்டும். அப்புறம் கடையின் இன்ஸ்டாவை அதோடு இணைப்பான், வாட்ஸ்அப் பிசினஸ் நம்பரையும் இணைப்பான். கொஞ்ச நாளில் அந்தப் பையனுக்குத் திருப்பூரிலோ பெங்களூரிலோ நல்ல வேலை கிடைத்துப் போய்விடுவான். முதலாளி உடனே இன்ஸ்டா பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, எல்லாம் நம் கையில் வந்துவிட்டது என்று இருந்துவிடுவார்.

அப்படி ஒருத்தர் வந்திருந்தார். இன்ஸ்டாவில் இவர் போடுகிற படமெல்லாம் தானாகவே முகநூல் பேஜிலும் விழுந்துகொண்டிருந்ததால் பேஜும் தன்னிடம்தான் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். பேஜில் பழைய கடை விலாசத்தை மாற்றவேண்டும், எந்த பட்டன் என்று காட்டுங்கள் என்றார். திறந்தால் வாடிக்கையாளருக்குத் தெரிகிற மாதிரிதான் தெரிகிறது. செட்டிங்ஸ் என்று ஒன்றே அங்கே இல்லை. அவருடைய கடைப் பேஜை அவரையே லைக் பண்ணச் சொல்லிக் கேட்கிறது! பையனைத் தேடிப் பிடித்து, அவன் ஐடியிலிருந்து இவருக்கு முழு அதிகாரம் கொடுக்க வைத்து, பிறகு அவன் பெயரை எடுக்க வைத்தோம். நல்ல பையன், கேட்டதும் செய்துகொடுத்தான். மனஸ்தாபத்தில் போனவனாக இருந்தால் என்ன செய்திருப்போம்? சரி, அவன் நல்லவன்தான், ஆனால் அவனுடைய ஐடியை எவனாவது திருடியிருந்தால் இந்தக் கடையின் பேஜும், அதற்கு வருகிற மெசேஜும், விளம்பரத்துக்குக் கட்டி வைத்த பணமும் சேர்ந்தே போயிருக்கும். இவர் தன் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அதைத் தடுத்திருக்க முடியாது.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். ஏதாவது ஒரு கேம், ஒரு போட்டோ எடிட்டர், 'போன பிறவியில் நீங்கள் யார்' மாதிரி ஒரு விளையாட்டு, எதைத் திறந்தாலும் 'முகநூல் வழியாக உள்ளே வாருங்கள்', 'கூகுள் வழியாக வாருங்கள்' என்று பட்டன் இருக்கும். அழுத்தினால் அந்த ஆப்பிடம் உங்கள் பாஸ்வேர்டு போவதில்லை, டோக்கன் என்று ஒன்று போகிறது. நீளமான ஒரு எழுத்து வரிசை, அவ்வளவுதான். இவருக்கு இன்னின்ன தகவலைப் பார்க்கலாம், இவர் பெயரில் இன்னது செய்யலாம் என்று நீங்கள் கொடுத்த அனுமதிச் சீட்டு. பாஸ்வேர்டு கை மாறாமல் இருப்பது நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்வேர்டை மாற்றினால் அந்தச் சீட்டும் செல்லாமல் போகுமா என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். சில இடங்களில் போகும், சில இடங்களில் ஆப் பாட்டுக்கு உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும். வாசல் பூட்டை மாற்றிவிட்டுக் கொல்லைப்புறச் சாவியைப் பழைய குடித்தனக்காரரிடமே விட்டுவைக்கிற கதைதான்.

இது நான் கடையில் உட்கார்ந்து கற்பனை செய்கிற பயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2017 மார்ச்சில், துருக்கிக்கும் நெதர்லாந்துக்கும் தகராறு நடந்த சமயம், யுனிசெஃப், அம்னெஸ்டி, ஃபோர்ப்ஸ் பத்திரிகை என்று பெரிய பெரிய ட்விட்டர் கணக்குகளிலிருந்து நாஜி ஸ்வஸ்திக் குறி போட்ட துருக்கி மொழிப் பதிவுகள் திடீரென்று வந்தன. அந்தக் கணக்குகளின் பாஸ்வேர்டு எதுவும் திருடு போகவில்லை. ஃபாலோயர் கணக்குப் பார்ப்பதற்காக எல்லாரும் எப்போதோ இணைத்து வைத்திருந்த ட்விட்டர் கவுண்டர் என்ற வெளி ஆப்பை ஒருத்தன் உடைத்திருந்தான். ஆப் ஒன்று, அதன் வழியாகப் போன கணக்கு எத்தனை பாருங்கள். அவ்வளவு பெரிய நிறுவனங்களிலேயே இணைப்புப் பட்டியலைத் திறந்து பார்க்க ஆள் இல்லை என்றால் சேலைக்கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்?

அடுத்த வருஷம் செப்டம்பரில் முகநூலிலேயே நடந்தது. நம் பக்கம் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று பார்க்க ஒரு வசதி இருந்ததே, அதில் இருந்த ஓட்டை வழியாக டோக்கன்களை அள்ளிவிட்டார்கள். முதலில் 5 கோடி கணக்கு என்றார்கள், பிறகு சுமார் 3 கோடி என்று திருத்தினார்கள். பாதுகாப்புக்காக 9 கோடிப் பேரை முகநூலே வெளியேற்றி மறுபடி உள்ளே வரச் சொன்னது. அப்போதும் பாஸ்வேர்டு மாற்றத் தேவையில்லை என்றுதான் அந்த நிறுவனம் சொன்னது, திருடு போனது பாஸ்வேர்டு கிடையாது என்பதால்.

அதே 2018-ல், குணத்தைச் சொல்கிறேன் என்று வந்த ஒரு ஆப் வழியாக முகநூல்காரர்களின் தகவல் ஒரு தேர்தல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெடித்ததை உங்கள் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டிருக்கும். அதில் உலகம் முழுக்க 8.7 கோடிப் பேர் என்ற எண்ணைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு மறக்காமல் இருப்பது இந்தியாவின் எண். முகநூல் அப்போது கொடுத்த கணக்குப்படி அந்த 'உங்கள் குணம் எப்படி' ஆப்பை நம் நாட்டில் நிறுவியவர்கள் 335 பேர். தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5.62 லட்சம் பேர். அதாவது அந்த ஆப்பின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களின் விவரம், நண்பர் பட்டியலில் இருந்த ஒரே குற்றத்துக்காகப் போயிருக்கிறது. 'என் போனில் என்ன இருக்கு திருட, நாலு சேலை போட்டோதான்' என்று கடையில் சொல்கிறவர்களுக்கு நான் காட்டுவது இந்த எண்ணைத்தான். உங்கள் இணைப்பு உங்களோடு நிற்பதில்லை. அந்தக் கூத்துக்குப் பிறகு முகநூலில் விதியை இறுக்கினார்கள், நண்பர்களின் தகவலை அப்படி அள்ள முடியாது, மூன்று மாதம் தொடாத ஆப்புக்குத் தகவல் போவதும் நின்றுவிடும். நல்லது. ஆனால் அதற்கு முன்னால் எடுத்துக்கொண்டு போனதை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. பட்டியலிலிருந்து ஒரு ஆப்பை நீக்கும்போது, ஏற்கெனவே பகிர்ந்த தகவல் அவர்களிடம் இருக்கலாம் என்று அங்கேயே எழுதியிருக்கும், சின்ன எழுத்தில். யார் படிக்கிறார்கள்?

இதைவிட மோசமான ஒரு முடிச்சு இப்போது வந்திருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதத்தில் முக்கிய இடம் கொடுக்கவேண்டும். முகநூல், இன்ஸ்டா, ட்விட்டர் மாதிரிப் பதிவு போடுகிற த்ரெட்ஸ் மூன்றையும் அவற்றை நடத்துகிற மெட்டா கம்பெனி அக்கவுண்ட்ஸ் சென்டர் என்ற ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டது. விரும்பினால் வாட்ஸ்அப்பையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று 2025 ஜனவரியில் அறிவித்தார்கள். இங்கே ஒரு கணக்கை வைத்து இன்னொரு கணக்குக்குள் நுழைகிற வசதி ஒன்று உண்டு. வசதி என்றால் நமக்கும் வசதி, திருடனுக்கும் வசதி. முகநூல் ஐடி அவன் கையில் போனால், அதோடு இணைந்த இன்ஸ்டாவுக்கு அவன் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. நீங்கள் இன்ஸ்டா பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவன் முகநூல் வழியாக மறுபடி வருவான்.

இன்னொரு தந்திரமும் நடக்கிறது, பல நாடுகளில் ஆட்கள் இதைப் பற்றிப் புலம்பியிருக்கிறார்கள். உங்கள் முகநூலுக்குள் நுழைந்தவன் எதையும் மாற்றமாட்டான், யாருக்கும் மெசேஜ் அனுப்பமாட்டான். தன்னிடம் இருக்கிற ஏதோ ஒரு குப்பை இன்ஸ்டா கணக்கை உங்கள் அக்கவுண்ட்ஸ் சென்டரில் சேர்த்துவிடுவான். பிறகு அந்த இன்ஸ்டாவில் ஆபாசமோ மோசடியோ எதையாவது போடுவான். விதி மீறிய இன்ஸ்டா முடங்கும், கூடவே அதோடு இணைந்த உங்கள் முகநூலும் முடங்கும். உங்களுக்கு வருகிற அறிவிப்பில் நீங்கள் கேள்வியே படாத ஒரு இன்ஸ்டா பெயர் இருக்கும். மேல்முறையீடு செய்ய 180 நாள் அவகாசம் என்று இருக்கும். செய்யப் போனால் அந்த இன்ஸ்டாவுக்குள் போய்ச் செய்யச் சொல்லும். அது உங்களுடையதே கிடையாது, பாஸ்வேர்டுக்கு எங்கே போவீர்கள்? பதினைந்து வருஷத்துக் கல்யாண போட்டோ, செத்துப்போன அப்பாவின் படம் எல்லாம் அங்கே இருக்கும், போனில் பேசி விளக்கம் சொல்ல எதிர்முனையில் மனுஷர் கிடைக்கமாட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கிற ஐடி எல்லாம் நம்முடையதுதானா என்று ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், இது முளையிலேயே தெரிந்திருக்கும். அந்தப் பக்கம் இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் என் ஆதங்கம்.

வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனால் தினமும் நடக்கிறது. ஆதாரைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போவார்கள், அந்தக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து க்யூஆர் கோடு ஸ்கேன் பண்ணுவார்கள், பிரிண்டை வாங்கிக்கொண்டு பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிடுவார்கள். கம்ப்யூட்டர் இணைந்தே இருக்கும். ஒரு கணக்கோடு நான்கு சாதனம் வரைக்கும் இணைக்கலாம். 14 நாளுக்கு மேல் போனையே தொடாமல் இருந்தால்தான் அவை தானாக வெளியேறும், போனைத் தொடாமல் நம்மில் யார் 14 நாள் இருக்கிறோம்? 'லிங்க்டு டிவைசஸ்' என்று மூன்று புள்ளி மெனுவிலேயே இருக்கிறது. திறந்து தெரியாததை வெளியேற்றவேண்டியதுதான். ஜெராக்ஸ் கடைக்காரர்களைக் குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கு வருகிற கூட்டத்தில் யார் லாக் அவுட் செய்தார்கள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

பழைய நம்பர் கதை தனி. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் ரத்தாகிவிடும், 90 நாளுக்குப் பிறகு அந்த நம்பரை வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பதுதான் முறை. இதை எதிர்த்து ஒரு வழக்கு போய், தன் தகவலைப் பாதுகாத்துக்கொள்ளவேண்டியது பழைய சந்தாதாரரின் பொறுப்பு என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் முகநூலை மீட்கும் நம்பராகப் பழைய நம்பர்தான் இன்னும் இருக்கிறது என்பது நம் மக்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகள் திறந்து கொடுத்த ஐடியில் பிள்ளைகளின் காலேஜ் கால நம்பர் இருக்கும். அந்த நம்பர் இப்போது யாரோ முன்பின் தெரியாத ஒருவரிடம். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அவர் ஒரு தட்டுத் தட்டினால் ஓடிபி அவருக்குத்தான் போகும். உங்களுக்கு வராத ஓடிபியை யாருக்கும் சொல்லாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

இவ்வளவு சொன்னதும் எல்லா இணைப்பையும் அறுத்துவிடுங்கள் என்கிறேன் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். எல்லா இடத்துக்கும் ஊர்ப்பெயரும் 123-ம் சேர்த்து ஒரே பாஸ்வேர்டு வைக்கிறவருக்குக் கூகுள் வழியாக உள்ளே போவது எவ்வளவோ மேல். காலையில் நாற்பது சேலைக்குப் படம் போடுகிற பெண்ணிடம் போய், இன்ஸ்டாவுக்கு ஒரு தடவை முகநூலுக்கு ஒரு தடவை போடு என்றால் அடிக்க வருவாள். அது மட்டுமில்லை, அவசரத்தில் அறுத்தாலும் ஆபத்து. முகநூல் வழியாகத்தான் ஒரு ஷாப்பிங் ஆப்புக்குள்ளோ பாட்டு ஆப்புக்குள்ளோ போகிறீர்கள் என்றால், முதலில் அந்த ஆப்பிலேயே மின்னஞ்சலோ போன் நம்பரோ கொடுத்துத் தனியாக பாஸ்வேர்டு வைத்துக்கொண்டு, அப்புறம்தான் இணைப்பை எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் கட்டிய சந்தாவும் போகும், ஆர்டர் விவரமும் போகும். கேமில் வருஷக்கணக்காக ஏறி வந்த லெவல் போய்விட்டது என்று அழுத சிறுவனை நான் பார்த்திருக்கிறேன், அவனுடைய அம்மா என்னைத்தான் முறைத்தார்.

என் கோபம் வேறு இடத்தில். இணைக்கும்போது ஒரே ஒரு தட்டு, அதுவும் பளிச்சென்று நீலப் பட்டன். பிரிக்கப் போனால் செட்டிங்ஸ், அதற்குள் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதற்குள் இன்னொன்று, நடுவில் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி. 2023-ல் த்ரெட்ஸ் வந்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? இன்ஸ்டா வைத்திருப்பவர் ஒரு தட்டில் சேர்ந்துவிடலாம். பிடிக்கவில்லை என்று த்ரெட்ஸ் கணக்கை அழிக்கப் போனால் இன்ஸ்டாவையும் சேர்த்து அழிக்கவேண்டும் என்றார்கள். ஜூலையில் தொடங்கிய ஆப்பில், தனியாக அழிக்கும் வழி நவம்பரில்தான் வந்தது. நம் நாட்டில் அதே 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல பிரிவு இருக்கிறது: சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, அதைத் திரும்பப் பெறுவதும் அந்த அளவுக்குச் சுலபமாக இருக்கவேண்டும். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன, முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாதம் அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் முடியும்போது அந்த நீலப் பட்டனுக்குப் பக்கத்திலேயே ஒரு பிரிக்கும் பட்டன் வருகிறதா என்று உங்கள் நிருபர்கள் பார்த்து எழுதவேண்டும். சட்டம் வந்த அன்று தலைப்புச் செய்தி போட்டதோடு விட்டுவிடாதீர்கள். (பத்திரிகை இணையதளங்கள் பலவற்றிலும் செய்தி படிக்க 'கூகுள் வழியாக வாருங்கள்' பட்டன் இருக்கிறது என்பதையும் மரியாதையோடு நினைவூட்டுகிறேன்.)

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை கணக்குத் திருட்டுச் செய்தி போடும்போது சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள் என்று போடுகிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள், பணம் போயிருந்தால் முதலில் செய்யவேண்டியது அதுதான். அதோடு ஒரு சின்னப் பெட்டிச் செய்தி சேருங்கள். முகநூலில் செட்டிங்ஸுக்குள் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்', அக்கவுண்ட்ஸ் சென்டரில் 'அக்கவுண்ட்ஸ்', கூகுள் கணக்கில் வெளி ஆப் இணைப்புகள், எக்ஸ் (பழைய ட்விட்டர்) தளத்தில் 'கனெக்டட் ஆப்ஸ்', வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்', எந்தத் திரையில் எதைத் தொடவேண்டும் என்று படம் பிடித்து அம்புக்குறி போட்டு வெளியிடுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்காக, பேஜில் யார் யாருக்கு முழு அதிகாரம் என்று பார்க்கிற இடத்தையும். இந்தக் கம்பெனிகள் மெனுவை அடிக்கடி இடம் மாற்றுவதால் ஒரு தடவை போட்டது அடுத்த வருஷத்துக்கு உதவாது, திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கும். வெட்டி எடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டிவைக்கிற அளவில் இருந்தால் எனக்குப் பாதி வேலை மிச்சம். அரைப் பக்கம் கொடுக்க முடியாது என்றால் ராசிபலனுக்குக் கீழே கொடுத்தாலும் சரி, எங்கள் ஊரில் எல்லாரும் தவறாமல் பார்க்கிற இடம் அது.

இப்படிக்கு,
மொபைல் கடைக்காரர் ஒருவர்,
இளம்பிள்ளை, சேலம் மாவட்டம்.